பூஜை அலமாரியில் ஊசி டின்

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். இந்த விஷயத்தில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். திட்டு வாங்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. என்னையும் விடப்போவதில்லை.

சிதம்பரத்தில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். இருபது வருஷமாக ஊசியோடுதான் பிழைப்பு. மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த முனை கைக்குக் கிடைக்கிற வரைக்கும் அந்தத் துணியைக் கடையை விட்டு வெளியே அனுப்ப மாட்டேன். காந்தத்தை எடுத்துத் தரையெல்லாம் தடவுவேன், துணியை உதறி உதறிப் பார்ப்பேன். வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, முகூர்த்தத்துக்கு நேரமாவுதுக்கா" என்று கத்தினாலும் சரி, போய்ட்டு அப்புறம் வா என்று சொல்லிவிடுவேன். ஒரு பெண்ணின் முதுகில் அந்த முனை ஏறினால் யார் பதில் சொல்வது? அப்படிப்பட்டவளின் வீட்டில்தான் இது நடந்தது.

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. மாத்திரைக்கு அடங்காமல் போய், போன வருஷம் இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்டது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற குட்டி ஊசி வேறு. எங்கே போட வேண்டும், எத்தனை யூனிட் இழுக்க வேண்டும், மருந்தை ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில் வைக்க வேண்டும் எல்லாம் ஆஸ்பத்திரியில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். போட்ட ஊசியை என்ன செய்வது என்று ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மருந்து விலையைக் கேட்ட அதிர்ச்சியில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

முதல் பத்து நாள் அவர் ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட்டுக் குப்பைக் கூடையில் எறிந்தார். மூடியைத் திரும்பப் போடுவதே தப்பு, அப்போதுதான் விரலில் குத்தும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பதினோராவது நாள் குப்பை வண்டிக்காரர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். அவருடைய கையில் எங்கள் வீட்டு ஊசி.

"இது உங்க வூட்டுதாம்மா? நாங்க கையாலதான் பிரிக்கிறோம். போன மாசம் இதே மாதிரி ஒண்ணு என் கட்டை விரல்ல ஏறிடுச்சு. பதினஞ்சு நாள் தூக்கம் இல்ல எனக்கு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உடைந்த ஊசிமுனையைக் காந்தம் வைத்துத் தேடுகிறவள், முழு ஊசியை அடுத்தவர் கைக்கு அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கே சத்துமாவு வாங்கிய தகர டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்தேன். கெட்டியான தகரம், ஊசி துளைக்காது. மூடியில் உளியால் ஒரு கீறல் போட்டு, ஊசி நுழைகிற அளவுக்கு அகலப்படுத்தினேன். மூடியைச் சுற்றி பிளாஸ்டர் ஒட்டினேன். வெள்ளைத் தாளில் 'ஊசி. தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். முக்கால்வாசி நிறைந்ததும் கொடுத்துவிட்டு வேறு டின் வைக்க வேண்டும். அதுதான் முறை.

யாரிடம் கொடுப்பது? அங்கேதான் ஆரம்பித்தது என் வயிற்றெரிச்சல்.

ஊசி வாங்குகிற மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். "விக்கிறதோட சரிம்மா. திருப்பி வாங்குறதில்ல." ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு டின்னைத் தூக்கிக்கொண்டே போனேன். வரவேற்பில் இருந்த பெண், டின்னை ஏதோ பாம்புக் கூடையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, வெளி வீட்டுக் கழிவை எடுக்க மாட்டோம் என்றாள். அந்த ஆஸ்பத்திரியின் ஊசிகளை எடுத்துப் போக தினம் ஒரு வண்டி வருகிறது, என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அதில் என் டின் ஒன்றுக்கு இடம் இல்லையாம்! குப்பை வண்டிக்காரர்தான் பாவம், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டார். அவருக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொள் என்று சொல்ல ஊரே இருக்கிறது, போட்ட ஊசியை வாங்கிக்கொள்ள ஒரு நாதி இல்லை. டின் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இதற்கு நடுவில் என் டின்னுக்குப் புகழ் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரருக்கும் சர்க்கரை. "அக்கா, நானும் ஒங்க டின்னுல போட்டுக்கவா?" என்றார். நல்ல காரியம்தானே, போடு என்றேன். அடுத்து எதிர் வீட்டுச் சார் வந்தார். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யார் குப்பையைக் கொட்டினாலும் நின்று பாடம் நடத்துவார். பேப்பரில் சுருட்டிய ஊசிகளைச் சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்து டின்னில் போட்டுவிட்டு, "ரொம்ப பொறுப்பான வேலைம்மா. ஆனா நான் போடறது வெளியில தெரிய வேணாம். பையனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். அப்பனுக்குச் சர்க்கரை இருந்தால் பையனுக்குப் பெண் கிடைக்காதா என்று கேட்க வாய்வரை வந்தது. பெரிய மனுஷர் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில் நாத்தனார் பிள்ளைகள் வந்தார்கள். எட்டாத உயரத்தில் வைக்க வேண்டுமே என்று டின்னைப் பூஜை அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். எங்கள் வீட்டில் அதைவிட உயரமான தட்டு கிடையாது. பிள்ளைகள் போன பிறகும் டின் அங்கேயே இருந்தது. ஒருநாள் வீட்டுக்காரருடைய ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தால் டின்மேல் ஒட்டியிருந்த தாளைக் காணோம். பசை மட்டும் திட்டுத் திட்டாக இருந்தது.

"யாரு கிழிச்சது?"

"நான்தான். பாக்கறவங்க கேக்க மாட்டாங்களா? இன்சுலின் போடறேன்னு ஆபீஸ் பூரா தெரிஞ்சா, அடுத்த புரமோஷன்ல உடம்பு முடியாதவன்னு ஓரம் கட்டிடுவானுங்க."

சண்டை போட்டேன். நாளைக்கு வேறு தாள் எழுதி ஒட்டிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. ஆனி முகூர்த்தங்கள், கடையில் ஜாக்கெட் மலைபோல் குவிந்திருந்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஒரு தாள், ஒரு ஸ்கெட்ச் பேனா, ரெண்டு நிமிஷம்.

இனி என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. கடலூரில் இருக்கிறார்கள். கல்யாணம் ஆகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. சிதம்பரத்தில் ஒரு டாக்டரைப் பார்க்க மாதம் ஒருமுறை பஸ்ஸில் வருவாள், டாக்டரைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அதிகம் பேச மாட்டாள். கை கழுவிவிட்டு பூஜை அலமாரி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். நான் அந்த நேரம் பாத்திரம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

அவள் அங்கே என்ன செய்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் வேண்டுதல் என்றால் உண்டியலில் காசு போட்டு வருவார்கள். காரியம் பலித்ததும் மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்ப் பெருமாளுக்குச் செலுத்துவார்கள். திருப்பதி போக முடியாதவர்கள் திருவந்திபுரத்தில் செலுத்தினால் போதும். வேண்டுதலை வாய் விட்டு யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. பூஜை அலமாரியில், மூடியில் கீறல் போட்டு, சுற்றிலும் ஒட்டி வைத்த டின்னைப் பார்த்தால் அவள் வேறு என்ன என்று நினைப்பாள்? அது எங்கள் வீட்டு வேண்டுதல் உண்டியல் என்றே நினைத்திருக்கிறாள். ஒவ்வொரு மாசமும் எக்கி நின்று ஒரு காசு போட்டிருக்கிறாள். மூத்தவர் வீட்டு உண்டியலில் போட்டால் சீக்கிரம் பலிக்கும் என்று நம்பியிருக்கிறாள், பைத்தியக்காரி.

பலித்தது. அதுதான் கொடுமை. புரட்டாசி பிறக்கும்போது அவளுக்கு இரண்டு மாசம்.

ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டரிடம் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள், நான் கடையில் இருந்ததால், அன்றைக்கு லீவில் இருந்த வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டாள். "மாமா, சாமி அலமாரியில இருக்கிற டின்ன எடுத்துட்டுப் போறேன். நாளைக்குச் சனிக்கிழமை, திருவந்திபுரம் போறேன்." டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இவர் தலையைக்கூடத் திருப்பாமல், "சரிம்மா, போய்ட்டு வா" என்றாராம். சாயங்காலம் நான் வந்தபோது அவர் சொல்லவில்லை. காதில் விழுந்திருந்தால்தானே சொல்வதற்கு! அன்றைக்கு ராத்திரி ஊசியைப் போட டின்னைத் தேடியவர், காணோம் என்றதும் நான் எங்கேயோ மாற்றி வைத்திருப்பேன் என்று ஒரு டம்ளரில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

அவள் டின்னுக்கு மஞ்சள் துணி கட்டிப் பொட்டு வைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். புரட்டாசிச் சனிக்கிழமை கூட்டம். உண்டியலுக்கு முன்னால் நின்று டின்னைக் கவிழ்த்துக் குலுக்கியிருக்கிறாள், கீறல் வழியாகக் காசு விழவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளவும், அவசரத்தில் பிளாஸ்டரைக் கிழித்து மூடியை நெம்பித் திறந்து, அள்ளிப் போடலாம் என்று குனிந்துகூடப் பார்க்காமல் கையை உள்ளே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, அந்த டின்னுல என்னக்கா வச்சிருந்த?"

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அலமாரியை நிமிர்ந்து பார்த்தேன். மேல் தட்டு காலியாக இருந்தது.

"ஏய், கைய உள்ள விட்டியா?"

"மூணு விரல்லக்கா. ரத்தத்தைப் பிதுக்கி எடுத்துட்டு மஞ்சத்தூள் வச்சிருக்கேன். சாமி குத்தம்னு நெனச்சு அவருகிட்டகூட சொல்லல. குழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

நேற்றுக் காலையில் குத்தியது, இன்றைக்கு மத்தியானம் சொல்கிறாள்! திட்ட வாயெடுத்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள். சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டே இரு, பிதுக்காதே, மஞ்சளும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நான் வருகிறேன் என்றேன். வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். நல்ல மனுஷி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பயப்படாதீங்க, ஆனா அலட்சியமும் வேணாம். எச்.ஐ.வி. வராம இருக்க எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும். நல்ல வேளை வந்துட்டீங்க" என்றார். அப்புறம் கேட்டார்: "ஊசி யாருடையது?"

நான் விழித்தேன். என் வீட்டுக்காரருடையதாக இருக்கலாம். ஆட்டோக்காரருடையதாக இருக்கலாம். எதிர் வீட்டுச் சாருடையதாகவும் இருக்கலாம். ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று மூன்று வீட்டு ரத்தத்தை ஒரே டின்னில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

"மூணு பேரும் ரத்தப் பரிசோதனை பண்ணி, ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சா மாத்திரைய நிறுத்திடலாம். இல்லேன்னா இருபத்தெட்டு நாள் முழுசாப் போடணும். கர்ப்பத்துல போடலாம், பயம் இல்ல. ஆனா குமட்டல் ஜாஸ்தி இருக்கும்."

ஏற்கெனவே தண்ணீர் குடித்தாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள். மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பிள்ளைய எதுவும் செஞ்சிடாதில்லக்கா இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டாக்டர் சொன்னதையே நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆறு வருஷம் காத்திருந்தவளுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

வெளியே வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன், முதல் ரத்தம் உங்களுடையது என்று. அந்த மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா? "என்னைப் பாத்து அந்த டெஸ்ட்டா? என் ஒழுக்கத்தையே சந்தேகப்படறியா?" கடலூர் பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "உங்க ஒழுக்கத்தைக் கொண்டுபோய் உப்புப் போட்டு ஊற வைங்க! அந்தப் பொண்ணு வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு மாத்திரைய முழுங்குது. உங்களுக்கு மானம் கேக்குதா?" நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அவரே போய் ரத்தம் கொடுத்தார். ஒன்றும் இல்லை என்று வந்தது.

ஆட்டோக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டார். "ரத்தந்தானேக்கா, வாங்க போவலாம். நீங்களும் ஆட்டோவுலயே ஏறுங்க." அவருக்கும் ஒன்றும் இல்லை. அந்த மனுஷனுக்கு நான் கோயில் கட்டலாம்.

எதிர் வீட்டுச் சாரிடம் போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"ஊசியா? எனக்கா? எனக்குச் சர்க்கரையே கெடையாதும்மா. யாரோ என்னமோ சொல்லியிருக்காங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். "சார், எங்க வீட்டுக்கே வந்து போட்டீங்களே சார்" என்றேன். "ரெண்டு மாசமா இருக்கா சார் அந்தப் பொண்ணு. உங்க பேரு வெளியில வராது." அவர் கேட்டைச் சாத்தினார். கதவுக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தார். தெருவில் குப்பை போட்டவனை நிறுத்தி அரை மணி நேரம் பாடம் நடத்துகிற வாய் அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்டைப் பிடித்து உலுக்கினேன். நாய்தான் குரைத்தது.

ஓரகத்தி மாத்திரையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. போனில் குரலே வரவில்லை. தினமும் காலையில் போன் செய்து, "அந்த மூணாவது ஆளு குடுத்துட்டாராக்கா?" என்று கேட்பாள். இன்னும் இல்லைம்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பேன்.

ஒன்பதாம் நாள் எதிர் வீட்டு அம்மா கடைக்கு வந்தார்கள். கையில் ஒரு ஜாக்கெட். "கை இறுக்கமா இருக்கு, பிரிச்சு விடும்மா" என்றார்கள். ஜாக்கெட்டை விரித்தேன். மடிப்புக்குள்ளே லேப் ரிப்போர்ட். பெயர் இருந்த இடத்தைக் கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டி எடுத்திருந்தார்கள். மற்றதெல்லாம் முழுசாக இருந்தது. எல்லாவற்றுக்கும் நேராக 'இல்லை', 'இல்லை'.

"சர்க்கரைக்கு மாசா மாசம் எடுக்கிற ரத்தம்னு சொல்லி அழைச்சிட்டுப் போனேன். இதுக்கும் சேத்துப் பாக்கச் சொன்னேன். லேப்ல கையெழுத்துக் கேட்டப்பதான் அவருக்குத் தெரிஞ்சுது. ஒண்ணும் சொல்லல, போட்டுட்டாரு" என்றார்கள். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்காம்மா."

ஜாக்கெட் கை இறுக்கமாகவே இல்லை. நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெயர் இல்லாத காகிதத்தை டாக்டரம்மா எப்படி ஏற்றுக்கொள்வார் என்று பயந்துதான் போனேன். அவர் லேபுக்கே போன் செய்து நம்பரைச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு, மாத்திரையை நிறுத்தச் சொன்னார். முதல் நாளே போட ஆரம்பித்த மஞ்சள் காமாலைத் தடுப்பூசியை மட்டும் முடிக்கச் சொன்னார். மூன்று மாசம் கழித்து அவளுக்கு எடுத்த கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை.

டின் விஷயத்தையும் நான் விடவில்லை. எங்கள் ரத்தத்தைப் பரிசோதித்த லேப்காரரிடமே போய் உட்கார்ந்துகொண்டேன். "எங்க ரத்தத்தைக் காசு வாங்கிக்கிட்டு எடுக்கறீங்க. எங்க ஊசிய மட்டும் எடுக்க மாட்டீங்களா? உங்களுக்கு ஊசி எடுக்க வண்டி வருதில்ல?" என்றேன். நாலாவது தடவை போனபோது, என் தொல்லை தாங்காமலோ என்னவோ, டின்னை மூடி ஒட்டி மாதம் ஒருமுறை கொண்டுவாருங்கள் என்றார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஆனாலும் பிடித்தேன்.

புது டின்னில் தாள் ஒட்டவில்லை. சிவப்புப் பெயின்ட்டால் எழுதினேன்: 'இன்சுலின் ஊசி. தொடாதே.' கிழிக்கட்டும் பார்க்கலாம். பூஜை அலமாரிக்கும் அதற்கும் இனி சம்பந்தமே இல்லை என்று, கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் பலகை அடித்து வைத்தேன்.

தை மாசம் வளைகாப்பை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். கூடம் நிறைய ஜனம். ஆபீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். ஆட்டோக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். எதிர் வீட்டுச் சாரும் அவர் மனைவியும்கூட வந்தார்கள். ஓரகத்தி இரண்டு கை நிறைய வளையலோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போடாமல் வந்திருந்த ஆபீஸ்காரர் ஒருவர் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது என்ன டின்னு?" என்று கையை நீட்டினார்.

வீட்டுக்காரர் வேகமாக எழுந்தார். டின்னை எடுத்து மறைக்கத்தான் போகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு நானும் எழுந்தேன். அவர் ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடாதீங்க சார்," என்றார், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "என்னோட ஊசி. எனக்குச் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கறேன்."

அந்த ஆபீஸ்காரர் கையை இழுத்துக்கொண்டு, "அப்படியா சார், எங்கப்பாவும் போடறாரு. அந்த ஊசியெல்லாம் எங்க போடறதுன்னே தெரியல" என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. எதிர் வீட்டுச் சார் கையிலிருந்த தாம்பூலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓரகத்தி வளையல் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா மாமா?" என்றாள். அவர் டின்னைப் பலகையில் இன்னும் உள்ளே தள்ளி வைத்தார். அந்தக் கேள்வி எனக்கும்தான்.